கூலன்ட் விளக்குக்கு ‘டைரக்ட்’ வைத்தியம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பழைய கார் வைத்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது டேஷ்போர்டில் சிமிட்டும் அந்தச் சிவப்பு விளக்கு. பானெட்டைத் திறந்தால் கூலன்ட் மேல்கோடு வரை நிற்கிறது. வண்டி ஹீட் ஆகவில்லை. விளக்கு மட்டும் அணைவதில்லை. ஒர்க் ஷாப்பில் விட்டால் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: “சென்சார் கம்ப்ளைன்ட் சார். டைரக்ட் குடுத்துடறேன், இனிமே எரியாது.”

எரியாதுதான். கூலன்ட் முழுக்க ரோட்டில் ஒழுகிப் போனாலும் எரியாது.

பல ஐரோப்பிய ரகக் கார்களில் கூலன்ட் டேங்குக்குள் இரண்டு உலோகக் குச்சிகள் இருக்கும். கூலன்ட் இரண்டையும் நனைத்திருக்கும்வரை அதன் வழியே மின்சாரம் லேசாக ஓடும். அளவு இறங்கிக் குச்சி வெளியே தெரிந்தால் ஓட்டம் நின்று விளக்கு எரியும். வேறு சில கார்களில் காந்தம் வைத்த மிதவை இதே வேலையைச் செய்கிறது. குச்சியில் உப்பு படிந்தாலோ, மிதவை சிக்கிக்கொண்டாலோ நிறைந்த டேங்கும் காலி என்றே விளக்குக்குத் தெரியும்.

இந்த நிலைமைக்குப் பாதிக் காரணம் நாமேதான். அவசரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறோம், சுண்ணாம்பு படிகிறது. பச்சை கூலன்ட் இருக்கும் டேங்கில் கடைக்காரர் கொடுத்த பிங்க்கை ஊற்றுகிறோம்; ஒத்துவராத கூலன்ட்கள் கலந்தால் கூழாகத் திரண்டு குச்சியை மூடும். ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்து வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுபவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் சரிவர ஓடாது, அதனால் டேங்க் வழிய வழிய இருந்தாலும் விளக்கு எரியும்.

எரிவது நிஜமா பொய்யா என்று பார்ப்பது சுலபம். காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, டேங்கில் அளவு நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதேபோல ஆறிய நிலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் சென்சாரைக் குறை சொல்ல வேண்டாம். ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் ஓரங்கள் என்று கசிவைத் தேட வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும்.

அளவு இறங்கவில்லையா? அடுத்தது சாக்கெட். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கலாம். ஒயரை எலி கடித்திருக்கலாம். ராத்திரி தெருவில் நிற்கும் வண்டி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டும் இல்லையென்றால், குச்சி வகைக் கார்களில் சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம். விளக்கு அணைந்தால் ஒயரிங் சரி, கோளாறு டேங்கில். அணையாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. சோதனைக்காக ஒரு நிமிடம் வைத்து எடுக்க வேண்டிய அந்த ஒயர்த் துண்டைத்தான் இன்சுலேஷன் டேப் சுற்றி நிரந்தரமாக விட்டுவிடுகிறார்கள். அதுதான் ‘டைரக்ட்’.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. பல கார்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது, டேங்கையே மாற்ற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் ‘வேற வழி இல்லையா?’ என்று இழுப்பது வண்டிக்காரர்தான். வேறு வழி உண்டு. டேங்கைக் கழற்றி, வினிகர் கலந்த வெந்நீரை ஊற்றி ஊறவைத்துக் குலுக்கிக் கழுவினால், படிவு கரைந்து சென்சார் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

“டெம்பரேச்சர் முள் இருக்கே, அது போதாதா? அம்பாசடர்ல இந்த விளக்கா இருந்துச்சு?” என்று கேட்கும் அனுபவசாலிகள் உண்டு. அம்பாசடர் டிரைவர் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்காமல் சாவி போட மாட்டார். நாம் பார்க்கிறோமா? தவிர, அந்த முள்ளின் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். கூலன்ட் போய்விட்டால் அது வெறும் ஆவியில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் நடுவிலேயே நிற்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறும்போது இது நடந்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்புறம் கேஸ்கெட், லேத் பட்டறையில் ஹெட் ஃபேசிங் என்று போகும் செலவில் புது டேங்கே சில வாங்கலாம்.

என்னை உறுத்துவது இப்படி வாயடைக்கப்பட்ட கார்கள் கைமாறுவதுதான். முதல் ஆளுக்காவது ‘டைரக்ட்’ கொடுத்தது நினைவிருக்கும். மூன்றாவது ஆள், டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லையே, வண்டி பக்கா கண்டிஷன் என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்கிறார்.

பழைய கார் பார்க்கப் போனால் மைலேஜ், டயர் எல்லாம் அப்புறம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்கின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குச்சி வகை என்றால் சில வினாடிகளில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒயரைத் தடவிப் பாருங்கள். டேப் சுற்றிய முடிச்சு பெரும்பாலும் அங்கேயே கையில் சிக்கும். அதன் பிறகு விலை பேசுங்கள்.