இரண்டு நாள் 'பிரிபோன்'

சென்ற வருஷம் தர்மபுரி ஜில்லா சித்தேரி மலையில் ஒரு பையன் பரீட்சை எழுதத் தவறினான். குற்றம் அவனுடையதன்று, நம்முடையது. "புதன்கிழமைப் பரீட்சை இரண்டு நாள் பிரிபோன்" என்று கரும்பலகையில் எழுதியவர்கள் நாமே. 'போஸ்ட்போன்' ஒன்றையே அறிந்த பையன், பரீட்சை தள்ளிப் போயிற்றென்று மகிழ்ந்து சாமை அறுவடைக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலையில் பேனாவும் கையுமாக வந்து நின்றான். பரீட்சையோ திங்கட்கிழமையே முடிந்துவிட்டது!

லத்தீன் பாஷையில் 'போனெரே' என்றால் வைத்தல். 'போஸ்ட்' என்பது பின். 'பிரே' என்பது முன். ஆகவே ஒன்று பின்னுக்கு வைப்பது. மற்றொன்று முன்னுக்கு வைப்பது.

'பிரிபோன்' இந்தியர் செய்த பிழை என்று நகைப்போர் உண்டு. ஆனால், 1913-ஆம் வருஷத்திலேயே 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஒருவர், 'போஸ்ட்போனு'க்கு எதிர்ச்சொல்லாக இதைப் புனைந்திருக்கிறார். ஆக்ஸ்போர்டு அகராதியும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் காரியாலயங்களிலும் கல்லூரிகளிலும் இது தாராளமாக வழங்குகிறது. ஆகையால், இவ்வார்த்தையைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நாம் வெட்கப்பட்டது வேறொன்றுக்காக. "பரீட்சை திங்கட்கிழமையே நடக்கும்" என்று தமிழில் எழுத நமக்கு ஏன் தோன்றவில்லை? பையனுக்கு மறுபரீட்சை வைத்தோம். இம்முறை கிழமையைத் தமிழிலேயே எழுதினோம்.