கறிவேப்பிலைப் புழுவைக் கொல்லாதீர்கள்!

ஸ்ரீரங்கம் போகிறீர்களா? பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே மேலூர்ப் பக்கம் போய் வாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 25 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதுதான் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா! வனத்துறை அமைத்த இந்தப் பூங்கா 2015-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

செடிதான் ரகசியம்

இங்கே திறந்தவெளித் தோட்டம் உண்டு. அதிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள் எங்கு வேண்டுமானாலும் பறந்து போகலாம். ஆனாலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன்?

தேன் குடிக்கப் பூ இருக்கிறது. முட்டையிட இலை இருக்கிறது. தேனுக்காக வண்ணத்துப்பூச்சி பல பூக்களை நாடும். ஆனால், கண்ட இலையில் எல்லாம் முட்டையிடாது! தன் குஞ்சு தின்னும் இலையைத் தேடிப்பிடித்துத்தான் இடும்.

வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கஞ்செடி வேண்டும். எருக்கம்பாலில் நஞ்சு உண்டு. அந்த இலையைத் தின்னும் புழுவின் உடம்பிலும் நஞ்சு ஏறிவிடும். அதனால் பறவைகள் அதைத் தொட அஞ்சும்!

உங்கள் வீட்டிலும் உண்டு

கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் பறவை எச்சம் போல ஒரு புழு இருக்கும். வளர்ந்ததும் பச்சையாக மாறும். "சீ, புழு!" என்று நசுக்கிவிடுகிறோம். மருந்தும் அடிக்கிறோம்.

இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்தால், அதுவே கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்கும். செடியும் மறுபடி துளிர்த்துவிடும்.

தாய்மார்களே! குழம்புக்குப் பறித்தது போக, ஒரு கிளையைப் புழுவுக்கு விட்டுவையுங்கள். உங்கள் வீட்டு முற்றமும் பூங்காதான்!