கதிரவனை வேண்டாத பவளம்

சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வாணிகம் செய்யும் நண்பர் ஒருவர், சென்ற திங்களில் ஒரு நாள், கடை அடைக்கும் நேரத்தில் நம்மைக் கைகாட்டி அழைத்தார். அவருடைய பேரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கருங்கல்லின் இடுக்கிலே, தோவாளையிலிருந்து நம் தெருவுக்கு வரும் செவ்வந்திபோல், மஞ்சளும் செம்மஞ்சளுமாய் ஒரு கொத்துப் பூத்திருந்தது.

"அண்ணாச்சி, நீங்கள் சிங்கப்பூரிலே இதை நேரில் பார்த்திருக்கிறீர்களாமே. இது வீட்டில் வேண்டுமென்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மருமகன் அடுத்த மாதம் வருகிறார். பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா?" என்று கேட்டார் நண்பர்.

கடைவாயிலில் நின்றபடி விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அன்று அது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பியிருப்போர் பலர். இந்தக் கேள்வி நாளை இன்னொரு வீட்டிலும் எழலாம். ஆதலின் அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

படத்தில் இருந்தது பூவன்று, உயிருள்ள பிராணி. சூரியப் பவளம் என்பர். பவளம் என்றதும் நம் தாய்மார்க்குச் செவ்வாய்க்குரிய மோதிரக் கல்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிவந்த பவளம் பழங்காலந்தொட்டு மத்தியதரைக் கடலிலிருந்து வருவது. அது வேறு இனம். சூரியப் பவளம் கல்பவள இனத்தைச் சேர்ந்தது. சிறு சிறு சுண்ணாம்புக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கும். ஒவ்வொரு கிண்ணத்துள்ளும் ஓர் உயிர். அதற்கு ஒரு வாய். வாயைச் சுற்றி மெல்லிய விரல்கள். பகலில் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டு வெறும் ஆரஞ்சுநிறக் குமிழ்போல் கிடக்கும். இருட்டியதும் விரியும். பெயர் மட்டுமே சூரியன், வாழ்வெல்லாம் நிழலில்தான். கடலடிக் குகைகளின் கூரையிலும், பாறை விளிம்புகளின் அடியிலும், துறைமுகத் தூண்களின் இருண்ட பக்கத்திலும் வளர்வது இது.

ஏனைய பாறைப் பவளங்கள் பெரும்பாலும் இப்படி அல்ல. அவற்றின் உடலுக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக்கொண்டு உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரனுக்கும் பெரும்பங்கு கொடுக்கின்றன. சூரியப் பவளத்துக்கு அந்தக் குடித்தனக்காரர் இல்லை. நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைத் தன் விரல்களால் பிடித்துத் தின்றால்தான் உண்டு. கடலில் அலையும் நீரோட்டமும் இரவு முழுதும் உணவை வாயருகே கொண்டுவந்து தருகின்றன. கண்ணாடித் தொட்டியில் அதைச் செய்ய ஒரு மனிதன் வேண்டும்.

அந்த மனிதனாக நாமே பத்து நாள் இருந்தோம். சென்ற ஆண்டு சிங்கப்பூரில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகப் பிள்ளை அலுவல் காரணமாக வெளியூர் சென்றார். தொட்டியை நம் பொறுப்பில் விட்டு, ஒரு குறிப்பேட்டையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். கடைக் கணக்கைப்போல் அவ்வளவு ஒழுங்கான ஏடு. கொத்தில் வாய்கள் 31 என்று எண்ணிக் குறித்திருந்தார். நீரின் வெப்பம் 25 டிகிரி. ஆயிரம் பங்கு நீருக்கு உப்பு 35 பங்கு. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல நீர் மட்டுமே ஊற்றுக, உப்பு நீர் ஊற்றற்க. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக, மாற்று நீரில் மட்டும் உப்பைக் கலந்து அளந்து ஊற்றுக. இவை முதற்பக்கம். உணவூட்டும் முறை மட்டும் நான்கு பக்கம்.

அதன் சாரம் இது. உறைந்த உணவுக் கட்டிகள் குளிர்பெட்டியில் இருக்கும்: மைசிஸ் என்னும் சிற்றிறால், ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்துப் பூச்சி. பின்னதை நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் காணலாம். மாலையில் ஒரு கட்டியைத் தனிக் கிண்ணத்தில் கரைத்து, அந்தச் சாற்றில் சிறிது மட்டும் தொட்டியில் விடவேண்டும். மணம் அறிந்த பவளம் அரைமணியில் விரியத் தொடங்கும். முழுதும் விரிந்தபின் நீரோட்டப் பம்பை நிறுத்தவேண்டும். இல்லையேல் உணவு அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு, அக்காலத்தில் பேனாவுக்கு மையேற்றிய பில்லரைப் போன்றதொரு சொட்டுக்குழாயால், ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றிரண்டு இறாலாகக் கொடுக்கவேண்டும். விரல்கள் அதைப் பற்றி மெல்ல வாய்க்குள் தள்ளும். விழுங்கச் சில நிமிடம் ஆகும். 31 வாய்க்கும் ஊட்டி முடிய, பழகியவருக்கே கால்மணி நேரம் வேண்டும். தினமும் ஊட்டுதல் நன்று. வாரம் மூன்று முறைக்குக் குறையலாகாது.

ஒரு வாய் உண்டால் அடுத்த வாய்க்கும் கொஞ்சம் போகும் என்பது மெய்யே. ஒரே கொத்தின் தசை ஒன்றோடொன்று தொடர்புடையது. ஆயினும் ஓரத்தில் உள்ள சிறு வாய்களை மறந்தால் அவையே முதலில் மெலியும் என்று மருமகப் பிள்ளை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

இடையே திருடர்களும் உண்டு. அதே தொட்டியில் வாழும் துப்புரவு இறால், பவளத்தின் வாய்க்குள் கைவிட்டு உணவைப் பறித்துக்கொள்ளும். பாதி விழுங்கியதைக்கூட விடாது. ஆதலால் தண்ணீர்ப் புட்டியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொத்தின்மேல் குடைபோலக் கவிழ்த்து, மேல்துளை வழியாக ஊட்டுவது வழக்கம். வெகு எளிய கருவி. ஆயினும் இதைவிடப் பயன்படும் கருவி அந்தத் தொட்டியில் வேறொன்றும் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் எழுதியிருந்தும் நாம் தவறினோம். இரண்டாம் நாள் மாலை சிராங்கூன் சாலையில் நண்பர் ஒருவரைக் காணப் புறப்படும் அவசரம். மணி ஐந்து, பவளம் மூடிக் கிடந்தது. விரியும்போது தின்னட்டும் என்று எண்ணி, மூன்று கட்டிகளை அப்படியே தொட்டியில் கரைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் நீர் அரிசி கழுவிய கழுநீர்போல் வெளுத்திருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன. தொலைபேசியில் மருமகப் பிள்ளை கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குக் கூடுதல் வருத்தம். "மாமா, மூன்றில் ஒரு பங்கு நீரை உடனே மாற்றிவிடுங்கள், நுரை பிரிக்கும் கருவி ஓடுகிறதா பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

உணவு மிகுந்தால் அது அழுகும். நீரில் அம்மோனியாவும் பின் நைட்ரேட்டும் ஏறும். உணவு குறைந்தால் பவளம் பட்டினி. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில்தான் இதை வளர்ப்பவர் நடக்கவேண்டியிருக்கிறது. மூன்று இரவு அக்கொத்து விரியவேயில்லை. பசித்த பவளம் விரைந்து விரியும் என்றுதான் எவரும் எண்ணுவர்; உண்மை அதற்கு மாறானது. வலிவிழந்தது விரியத் தயங்கும், விரியாமையால் மேலும் பட்டினி கிடக்கும். ஒவ்வொரு மாலையும் அதே நேரத்தில் சிறிது சாறு மட்டும் விட்டுக் காத்திருந்தோம். நான்காம் நாள் இரவு எட்டு மணியளவில் நடுவிலிருந்த ஒரு வாய் விரல் நீட்டியது. பிறகு ஐந்தாறு. நாம் ஊர் திரும்பும் வரையில் 29 தேறின. ஓரத்து இரண்டு வாய்களில் தசை வற்றி வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது, அவை தேறவில்லை.

இதை நண்பரிடம் சொன்னபோது, "வேலை அதிகந்தான், ஆனால் பையன் செய்துவிடுவான்" என்றார். செய்துவிடலாம். ஆனால் தடை அங்கே இல்லை.

இந்திய நாட்டின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ஆம் ஆண்டு, கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. சூரியப் பவளம் பெரும்பாறை கட்டும் இனமன்று. ஆயினும் கல்பவள இனங்கள் அனைத்தும் என்று சட்டம் சொல்வதால் இதுவும் அதற்குள் அடங்கும். கடலிலிருந்து எடுப்பதும், விற்பதும், வாங்குவதும், உரிய அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை, ஏழாண்டுவரை நீளலாம், அபராதமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அழிவுறும் உயிரினங்களின் வாணிகத்தைப் பற்றி 1973-ல் வாஷிங்டனில் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையில் கல்பவளங்கள் இடம்பெற்றுள்ளன. இந்தியா 1976-லேயே அதில் சேர்ந்துவிட்டது. உரிய பத்திரமின்றிப் பெட்டிக்குள் வரும் பவளம் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும். கொண்டுவந்தவர் பாடு வேறு. சிங்கப்பூரில் கடையில் வாங்கலாம் என்பது சிங்கப்பூருக்கு மட்டுமே பொருந்தும்.

மீன்கடைக்காரர் சிலர், "இதெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று தாழ்ந்த குரலில் சொல்வதுண்டு. நம்மிடமும் ஒருவர் சொன்னார். அவர் விற்றுவிட்டு விலகிக்கொள்வார். பொருள் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும். வேற்று மாநிலத்தில் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இத்தகைய வழக்கு ஒன்று வந்தால், என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. முன்னாளில் கடற்கரைக் கடைகளில் வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் வெண்பவளக் கல்லும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்பதையும் இவ்விடத்தில் குறித்துவிடுகிறோம்.

சட்டம் காரணமின்றி வந்ததன்று. மன்னார் வளைகுடாவில் சூரியப் பவளமும் உண்டு. வேறு பல கல்பவளங்களும் உண்டு. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையில் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பாறைகளையும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டுகள் அப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளின் மூலப்பொருளாகவும் வெட்டி எடுத்தார்கள். பாறை போனால் அலையைத் தடுப்பது எது? விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் கடலுள் மூழ்கிவிட்டன. மண்டபத்தில் இருந்து இப்பவளங்களை ஆராய்ந்து வகைப்படுத்தியவர் சி. எஸ். கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர். மண்டபத்திலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்கு மாறியது. ஆராய்ச்சி மண்டபத்திலும் தொடர்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு; பேரனுக்கு அதுதான் வியப்பாக இருந்தது. இந்தப் பவளத்தைப் பசிபிக் கடலின் போரா போரா தீவிலிருந்து பெற்று, 1829-ல் முதன்முதலில் விவரித்தவர் லெசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர். அது 1943-ல் அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கே கரீபியன் கடலில் காணப்பட்டது. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும் என்பது அறிஞர் கருத்து. 1980-களில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைப் பற்றிக்கொண்டு பிரேசிலுக்கும் போய்ச் சேர்ந்தது. வெயில் வேண்டாத உயிராதலால் எந்த இருட்டுத் தூணிலும் ஒட்டிக்கொள்கிறது. பிரேசிலில் உள்ளூர் உயிர்களை நெருக்கி ஒதுக்குவதால், மூழ்கிச் சென்று உளியால் பெயர்த்தெடுக்கிறார்கள். ஓரிடத்தில் காக்கப்படுவது மற்றோரிடத்தில் பெயர்க்கப்படுகிறது. ஆகவே அயல்நாடுகளில் இதை முறைப்படி வளர்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: அலுத்துப் போனால் கடலில் விட்டுவிடவேண்டாம், வாங்கிய கடையிலோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

நண்பர் அன்றிரவே மருமகனை அழைத்துப் பேசிவிட்டார். பையனின் முகம் வாடிப் போயிற்று. அவனுக்குப் பள்ளத்தி மீனைப் பற்றிச் சொன்னோம். கேரளக் காயல்களில் வாழ்வது; கையகலமும் இல்லாதது; அதுவும் ஆரஞ்சும் மஞ்சளுமான நிறம்; நல்ல நீரிலும் வளரும். தாயும் தந்தையும் சேர்ந்தே குஞ்சுகளைக் காவல் காக்கும். அதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை.

இப்போது அந்த வீட்டுக் கூடத்தில் ஆறு பள்ளத்திகள் இருக்கின்றன. சென்ற வாரம் போயிருந்தோம். பையன் மாலை ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சொட்டுக்குழாயும் கையுமாக நிற்கிறான். மீனுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, ஒரு சிட்டிகை தீனியை மேலே தூவினால் போதும் என்று சொல்லிப் பார்த்தோம். கேட்பதாயில்லை.