அரசியலமைப்பிலிருந்து காணாமல்போன இரண்டு வார்த்தைகள்

புதுசா பிறந்த ஒரு நாடு தன்னோட அரசியலமைப்பை எப்படி எழுதுதுன்னு கேட்டா, நமக்கு உடனே ஞாபகம் வர்றது நம்பர்கள்தான். கிட்டத்தட்ட 3 வருஷம், 395 பிரிவுகள், அம்பேத்கர். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா எழுதுற மேஜையில என்ன நடந்ததுன்னு புரியணும்னா, ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டு அது பின்னாடியே போகணும். இன்னைக்கு நாம பிடிக்கப்போறது பிரிவு 21.

1947 ஏப்ரல் கடைசி. சுதந்திரத்துக்கு இன்னும் மூன்றரை மாசம் இருக்கு. அரசியல் நிர்ணய சபை அடிப்படை உரிமைகள் பற்றிய ஓர் இடைக்கால அறிக்கையை ஏற்றுக்கொள்கிறது. அதில் ஒரு வரி: ‘டியூ ப்ராசஸ்’ இல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அமெரிக்க அரசியலமைப்பிலிருந்து எடுத்த சொல் அது.

அதுல என்ன விசேஷம்? விசாரணையே இல்லாம ஒருத்தரை ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம்னு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுதுன்னு வெச்சுக்கோங்க. போலீஸ் அந்தச் சட்டத்தை வரி பிசகாம பின்பற்றி உங்களைப் பிடிக்குது. டியூ ப்ராசஸ் இருந்தா, ‘இந்தச் சட்டமே நியாயமா இல்லையே’ன்னு நீதிபதி கேட்கலாம். அது இல்லைன்னா, ‘சட்டத்துல சொன்னபடி பிடிச்சாங்களா? சரி, போங்க’ன்னு ஃபைலை மூட வேண்டியதுதான்.

இங்கே பெனகல் நரசிங்க ராவ் வருகிறார். சபையின் உறுப்பினர் இல்லை, அரசியலமைப்பு ஆலோசகர். வரைவுக் குழு கையில் எடுத்த முதல் வரைவைத் தயாரித்தவர் அவர்தான். அதை எடுத்துக்கொண்டு 1947 கடைசியில் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று போய், அரசியலமைப்போடு வாழ்ந்து பழகியவர்களிடம் கருத்துக் கேட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர் டியூ ப்ராசஸ் வேண்டாம் என்றார். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போடும் சட்டத்தை ஒரு சில நீதிபதிகள் ரத்து செய்ய அது வழி விடும். ஜனநாயகத்துக்கு அது நல்லதில்லை என்பது அவர் வாதம்.

அவர் சும்மா பயமுறுத்தலைங்க. பேக்கரித் தொழிலாளிகளை ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதுன்னு நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை, 1905-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொல்லை வெச்சுத்தான் தூக்கி எறிஞ்சது. இந்தியாவில் நாளைக்கு நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தா, இங்கேயும் கோர்ட் குறுக்கே நிக்குமோங்கிற கவலை பல தலைவர்களுக்கு இருந்தது.

இதெல்லாம் அமைதியான காலத்துல நடந்த பேச்சும் இல்லை. பிரிவினைக் கலவரம் ஓயவில்லை. 1948 ஜனவரி 30-ல் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அதிலிருந்து மூன்றே வாரத்தில், பிப்ரவரி 21-ல், வரைவு சமர்ப்பிக்கப்பட்டது. அதில் டியூ ப்ராசஸ் இல்லை. ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாறியிருந்தது. ஜப்பானின் 1946 அரசியலமைப்பிலிருந்து எடுத்த சொல்.

சபையில் எதிர்ப்பு கிளம்பியது. சபையில் இருந்த பலரும் பிரிட்டிஷ் ஆட்சியில் விசாரணை இல்லாமல் ஜெயிலில் கிடந்தவர்கள். வரைவுக் குழுவிலேயே இருந்த கே.எம். முன்ஷி பழைய சொல்லே வேண்டும் என்று வாதாடினார். அதே குழுவில் இருந்த சென்னை வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் புதிய சொல்லை ஆதரித்தார். 1948 டிசம்பர் 13-ல் அம்பேத்கர் என்ன சொன்னார் தெரியுமா? கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டசபையை நம்புவதா, கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரை நம்புவதா? இரண்டிலும் ஆபத்து இருக்கிறது, சபையே முடிவு செய்யட்டும் என்றார். எனக்கு அவருடைய உரைகளில் மிகவும் பிடித்த இடம் இது. தெரியாததைத் தெரிந்த மாதிரி அவர் பேசவில்லை. ஓட்டெடுப்பில் டியூ ப்ராசஸ் தோற்றது.

ஆனா அந்த முடிவு அவரை உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. 1949 செப்டம்பரில் புதிதாக ஒரு பிரிவைக் கொண்டுவந்தார். இன்றைக்கு அது பிரிவு 22. கைது செய்தால் காரணம் சொல்லணும், வக்கீல் வைத்துக்கொள்ள விடணும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தணும். முன்னால் விட்டதற்கு ஈடு செய்வதாகவே அதை அறிமுகப்படுத்தினார். ஆனால் தடுப்புக் காவலும் அதே பிரிவுக்குள் இடம்பிடித்தது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு வக்கீல், 24 மணி நேரம் இரண்டும் கிடையாது.

1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. ஒரே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. மார்ச் 1-ல், ஏற்கெனவே சென்னை மாகாணத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கையில் அந்தச் சட்டப்படி ஓர் உத்தரவு கொடுக்கப்பட்டது. 1947 டிசம்பரிலிருந்தே அவர் ஏதாவது ஒரு காரணத்தால் உள்ளே இருந்தவர். நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 19-ல் தீர்ப்பு. சட்டத்தின் ஒரு பிரிவு மட்டும் செல்லாது என்றானது. அவர் மனு தள்ளுபடி. பிரிவு 21-க்குப் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்ன விளக்கம் எளிது: சட்டம் ஒரு நடைமுறையைச் சொன்னால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க முடியாது. அந்தச் சொல்லைச் சபை தெரிந்தேதான் நீக்கியது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நீதிபதி ஃபஸல் அலி மட்டும் மாறுபட்டார். நடைமுறை என்றால் தகவல் சொல்லணும், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கணும், அதெல்லாம் இருந்தால்தான் அது நடைமுறை என்றார்.

அவர் சொன்ன பக்கம் கோர்ட் வந்து சேர 28 வருஷம் ஆச்சு. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசாங்கம் முடக்கியது; காரணமும் சொல்லவில்லை. அந்த வழக்கில் 1978 ஜனவரி 25-ல் வந்த தீர்ப்பு, பிரிவு 21 சொல்லும் நடைமுறை நியாயமானதாக, நேர்மையானதாக இருந்தே ஆகணும் என்றது. கோபாலன் அதைப் பார்க்கவில்லை. 1977 மார்ச்சிலேயே இறந்துவிட்டார்.

பிரிவு 21-ஐ இப்போ எடுத்துப் பாருங்க. அதே ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’தான் இருக்கும். ஓர் எழுத்துகூட மாறவில்லை.