செங்கற்பட்டில் ஒரு ஸ்காட்லாந்து ஊர்!

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு மின்சார ரெயிலில் போகிறவர்களுக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் தெரிந்திருக்கும். அதன் பக்கத்தில் மல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது.

பெயரில் ரோசா இருக்கிறது. ஆனால், ரோசாப்பூவுக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை!

ஸ்காட்லாந்து நாட்டில் மெல்ரோஸ் என்று ஒரு சிறு நகரம். 1890-களில் அந்தப் பெயரை இங்கே ஒரு புதுக் குடியிருப்புக்கு வைத்தார்கள். மெல்ரோசாபுரம் என்ற அந்தப் பெயர், நம் மக்கள் நாக்கில் புரண்டு மல்ரோசாபுரம் ஆகிவிட்டது.

குடியிருப்பை உண்டாக்கியவர் ஒரு பாதிரியார். பெயர் ஆடம் ஆண்ட்ரூ. குடியேறியவர்கள், சேரியில் பிறந்த ஏழைக் குடும்பத்தார்.

சேரியில்தான் குடிசை இருந்ததே, பிறகு எதற்குப் புது ஊர்?

மண் யாருடையது?

அந்தக் காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் மிராசுதார்கள் வைத்ததே சட்டம். வயலில் இறங்கி உழைத்தவர்கள் சேரி மக்கள். அவர்களில் பலர் படியாட்கள். அப்பன் தன் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான். அவன் தீர்க்காததைப் பேரன் உழைத்துத் தீர்க்க வேண்டும்.

கூலி போதவில்லை என்று வாய் திறக்க முடியாது. ஏன் தெரியுமா?

குடிசையைக் கட்டியவர்கள் அவர்கள்தான். மூங்கிலும் ஓலையும் அவர்கள் கொண்டுவந்தவை. ஆனால், குடிசைக்குக் கீழே இருந்த மண் தங்களுடையது என்றார்கள் மிராசுதார்கள்!

முறைத்துக்கொண்டால் மனையைக் காலி செய்ய வேண்டியதுதான். கைக்குழந்தையையும், கண் தெரியாத கிழவியையும் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் எங்கே போகும்? தலையைக் குனிந்துகொண்டு மறுநாளும் வயலுக்குப் போனார்கள்.

சும்மா கிடந்த தரிசு நிலத்தைக் கேட்டு சர்க்காருக்கு தர்காஸ்து மனுப் போடலாமே? போடலாம். ஆனால், சேரிக்காரர் மனுப் போட்டால் மிராசுதாரும் ஒரு மனுப் போடுவார். முதல் உரிமை அவருக்கு. நிலம் தரிசாகவே கிடந்தாலும் கிடக்கும், சேரிக்குப் போகாது.

வேதம் சொல்ல வந்த ஆண்ட்ரூ இதையெல்லாம் கண்ணால் கண்டார். சொந்த மண் இல்லாதவனுக்கு வேதத்தை மட்டும் சொல்லி என்ன பயன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிலம் தேடினார். குடியிருப்பு அமைத்தார். குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். திருவள்ளூர்ப் பக்கத்தில் வில்லியம் கௌடி என்ற இன்னொரு பாதிரியாரும் சேரி மக்களின் நிலைமையை எழுதி எழுதி சர்க்காரை உசுப்பினார்.

கலெக்டர் எழுதிய அறிக்கை

1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்கீர் ஓர் அறிக்கை எழுதினார். சேரி மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட குடிசையில் படுக்கிறார்கள், கடன் அவர்களை எப்படிக் கட்டிப் போடுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர்களுக்கு நிலமும் மனையும் வேண்டும் என்று அவர் கேட்டார்.

1892 செப்டம்பர் 30-ந் தேதி அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க வழி ஏற்பட்டது. 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது; அதன் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கேள்விப்படுவது இதுதான்.

பாதிரியாருக்கு இதில் ஆதாயம் இல்லையா? உண்டு. நிலம் கிடைத்த இடத்தில் சபையும் வளர்ந்தது. மறைக்க வேண்டியது இல்லை.

மதத்தை நடுவில் வைத்து வீடு கொடுப்பது உலகத்துக்குப் புதிதும் அல்ல. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் யாக்கோபு ஃபுக்கர் என்ற பெரும் பணக்காரர் இருந்தார். நம் நாட்டு மிளகு வியாபாரத்திலும் பணம் போட்டவர் அவர். 1521-ல் ஏழைக் கத்தோலிக்கர்களுக்காக ஒரு குடியிருப்பை நிறுவினார். 500 ஆண்டுகள் கடந்தும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். வயதானவர்களும் உண்டு, குடும்பங்களும் உண்டு. ஒரு வருஷ வாடகை, ஒரு யூரோவுக்கும் குறைவு! ஆனால், தினமும் 3 ஜெபம் சொல்ல வேண்டும்.

ஜெபம் வாடகையில் சேருமா, சேராதா? குடியிருப்பவரைத்தான் கேட்க வேண்டும். மிராசுதார் கேட்ட வாடகையை விட இது குறைவு என்பதில் சந்தேகம் இல்லை.

காரணையில் எழுந்த குரல்

சேரிக் குடிசைக்குக் கீழே இருந்த மண்ணுக்குச் சட்டம் வர வெகு காலம் ஆயிற்று. 1971-ல்தான், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது.

பஞ்சமி நிலத்தின் கதை வேறு. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் பல இடங்களில் கை மாறிவிட்டது. மாமல்லபுரம் வட்டாரத்தில் உள்ள காரணையில் மக்கள் அதைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தின்போது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிர் இழந்தார்கள்.

மல்ரோசாபுரம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் மறைமலை நகர் தொழிற்சாலைகள். அந்தப் பக்கம் மகிந்திரா நகரம். தரிசு நிலத்துக்கு மனுப் போட்ட அந்த வட்டாரத்தில், இப்போது மனை சதுர அடிக் கணக்கில் விலை போகிறது.