அயல்நாட்டுப் பணமும் இனாமும்

அந்நிய தேசத்துக்குப் பிரயாணம் புறப்படுகிறவர்கள், விசாவுக்கும் கம்பளிச் சட்டைக்கும் ஊறுகாய்ப் பொட்டலத்துக்கும் செலவிடுகிற யோசனையில் பத்தில் ஒரு பங்கையாவது, போகிற இடத்தில் பணத்தை எப்படிக் கையாளுவது, யாருக்கு எவ்வளவு இனாம் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்னும் விஷயங்களுக்குச் செலவிடுவதில்லை. பணந்தானே, கொடுத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு எல்லா இடத்திலும் செல்லாது. டோக்கியோவில் உணவு மேஜையின்மேல் நாம் தாராள மனத்தோடு விட்டுவந்த நாணயங்களை, மறந்து வைத்துவிட்டோமென்று கருதி, பரிமாறியவர் தெருவரை ஓடிவந்து திருப்பித் தந்துவிடுவார். நியூயார்க்கிலோ ஒன்றும் வைக்காமல் எழுந்துவந்தால், உபசாரத்தில் ஏதேனும் குறை நேர்ந்ததா என்று மானேஜரே வந்து விசாரித்தாலும் விசாரிப்பார். இரண்டும் செல்வம் கொழிக்கும் தேசங்களே. ஊழியம் செய்கிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யஜமானரா, வந்து சாப்பிடுகிறவரா என்ற கேள்விக்கு அவை கண்டிருக்கும் விடைகள்தாம் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை.

இனாமுக்குப் போகுமுன் பணம் மாற்றும் காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். நமது ரூபாயை வெளிநாட்டில் மாற்றினால் பெரும்பாலும் நஷ்டத்துக்கே மாற்ற நேரும். ஆகையால் வேண்டிய அந்நிய நாணயத்தை ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ வங்கியிலோ புறப்படுமுன்பே வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலான தேசங்களுக்கு, ஒரு பிரயாணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரையில்தான் நோட்டாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேற்பட்டதைக் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்திய ரூபாயிலும் 25,000 வரை கையில் வைத்திருக்க அனுமதி உண்டு. திரும்பிவந்து இறங்கியதும் டாக்சிக்குக் கொடுக்க அது உதவும்.

நாணய மாற்றுக் கடை வாசலில் 'கமிஷன் கிடையாது' என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துபோக வேண்டாம். பலகையில் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றின் இடைவெளியே கடைக்காரரின் லாபம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் நெடுங்காலமாக இத்தொழில் செய்துவரும் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் சின்னஞ்சிறு கடைகளில், பக்கத்துக் கடையின் போட்டி காரணமாக, அந்த இடைவெளி மிகக் குறுகியிருக்கும். நள்ளிரவில் வந்திறங்கும் களைத்த பிரயாணிக்கு வேறு போக்கிடம் இல்லாத விமான நிலையங்கள் பலவற்றில் அது தாராளமாக அகன்றிருக்கும். அங்கே முதல் நாள் வண்டிச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு நகரத்துக்குள் போய்விடுவது விவேகம்.

கார்டு தேய்க்கிறவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. கடையிலுள்ள இயந்திரம், இத்தொகையை யென்னில் கொடுக்கிறீர்களா, ரூபாயில் கொடுக்கிறீர்களா என்று மிகுந்த பரிவோடு கேட்கும். பழகிய ரூபாயைக் கண்டதும் விரல் தானாக அங்கே போகும். ஆனால் ரூபாயைத் தேர்ந்தெடுத்த கணமே மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை அந்த இயந்திரத்துக்குப் பின்னாலிருக்கும் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. நூற்றுக்கு மூன்று, ஐந்து, சில வேளை அதற்கு மேலும் அது எடுத்துக்கொள்ளும். எந்த தேசத்தில் நிற்கிறோமோ அந்த தேசத்து நாணயத்தையே எப்போதும் கேட்டு வாங்க வேண்டும். நம் வங்கி தன் பங்குக்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வசூலிக்கத்தான் செய்யும். இரண்டு பேருக்கு அழுவதைவிட ஒருவருக்கு அழுவது மேல்.

அந்நிய நாணயத்தின் உருவத்தோடு பரிச்சயம் செய்துகொள்வதும் முக்கியம். அமெரிக்க நோட்டுகள் ஒரு டாலரானாலும் நூறு டாலரானாலும் ஒரே அளவு. நிறத்திலும் பெரிய வித்தியாசமில்லை. அவசரத்தில் ஐந்துக்குப் பதில் ஐம்பது போய்விடும். அங்கே பத்து சத நாணயம் ஐந்து சத நாணயத்தைவிடச் சிறியது. போதாக்குறைக்கு அதன்மேல் பத்து என்ற எண்ணே கிடையாது. ஜப்பானில் நடுவில் துளையிட்ட பித்தளை நிறத்து ஐந்து யென் நாணயத்தில் மதிப்பு சீன எழுத்தில் மட்டுமே பொறித்திருக்கும். ஐந்நூறு யென்னோ வெறும் சில்லறையென்று பையில் போட்டு மறந்துவிடுகிற உலோகக் காசு, நம் கணக்கில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேற்பட்டது. ஊர் திரும்பியபின் நாணய மாற்றுக் கடைக்காரர் நோட்டை வாங்குவாரே தவிரக் காசை வாங்க மாட்டார். கடைசி நாளில் காசுகளை அங்கேயே செலவழித்துத் தீர்த்துவிட வேண்டும்.

ஜப்பானில் பணம் பெரும்பாலும் கைக்குக் கை மாறுவதில்லை. கல்லாவின்மேல் ஒரு சிறு தட்டு இருக்கும். அதில் நாம் வைக்க, அவர்கள் எடுத்து, மீதி நோட்டுகளை நம் கண்ணெதிரே எண்ணிக் காட்டித் தருவார்கள். கார்டு பெருகிவிட்ட இக்காலத்திலும் பழைய உணவுக்கடைகளிலும் சிறு கோயில்களிலும் கிராமத்துப் பேருந்துகளிலும் ரொக்கத்துக்கே மரியாதை; அந்நிய கார்டுக்குப் பணம் தரும் ஏ.டி.எம். செவன் இலெவன் கடைகளில் கிடைக்கும். 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பத்தாயிரம் யென்னில் தொழிலதிபர் ஷிபுசாவா எய்இச்சி, ஐயாயிரத்தில் பெண்கல்விக்கு உழைத்த சூடா உமேகோ, ஆயிரத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் கிடாசாடோ ஷிபசாபுரோ. பழைய நோட்டுகளும் செல்லும் என்பதால் இருவகையும் கையில் வருவதைக் கண்டு கலவரப்பட வேண்டாம்.

இனாம் அங்கே எதிர்பார்ப்பதில்லை, கொடுத்தால் சங்கடப்படுவார்கள். ஓட்டல்காரர், டாக்சி ஓட்டுபவர், முடி வெட்டுபவர் எவரும் கைநீட்டுவதில்லை. உபசாரத்தின் விலை பொருளின் விலையிலேயே அடக்கம். பெரிய ஹோட்டல்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்துவிடும். மதுவும் சிற்றுண்டியும் விற்கும் இஸகாயாக்களில், நாம் கேளாமலே ஒரு கிண்ணத்தில் ஏதோ பதார்த்தம் வரும், பில்லில் சில நூறு யென் ஏறும். ஏமாற்றுகிறார்களென்று சண்டைக்குப் போகிற அயலார் உண்டு. அது உட்கார்ந்த இடத்துக்கு வாடகை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று. ரியோகான் எனப்படும் பழைய மரபு விடுதிகளில், அறையையும் உணவையும் கவனித்துக்கொள்ளும் பெண்மணிக்கு, வந்து சேர்ந்ததும், சலவை நோட்டாக ஓர் உறையிலிட்டு அளிக்கும் சம்பிரதாயம் இருக்கிறது. அதுவும் கட்டாயமன்று. உறையில்லாமல் வெறும் நோட்டை நீட்டுவதைக் காட்டிலும் கொடாதிருப்பதே நாகரிகம்.

அமெரிக்காவுக்கு வந்தால் கணக்கே வேறு. உணவுப் பட்டியலில் நாற்பது டாலர் என்றிருந்தால் நாற்பது டாலரோடு எழுந்துவரலாமென்று எண்ணுவது பேதைமை. நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 விழுக்காடு, அது மூன்று டாலர் ஐம்பத்தைந்து சதம். பரிமாறியவருக்கு நூற்றுக்கு இருபது வீதம் எட்டு டாலர். ஆக ஐம்பத்தொன்று டாலர் ஐம்பத்தைந்து சதம். பதினைந்து என்பது இப்போது குறைந்தபட்சம்; பதினெட்டும் இருபதும் சாதாரணம். வரியை இரட்டித்து வைப்பது அந்நகரத்தார் பலரின் குறுக்குவழி. கார்டில் கொடுத்தால், பில்லில் இனாமுக்கென்று காலியாக விட்ட இடத்தில் நாமே தொகையை எழுதி, கூட்டி, கையொப்பமிட வேண்டும். ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் பல ஓட்டல்களில் அவர்களே இனாமைச் சேர்த்துவிடுவதுண்டு. பில்லைப் படிக்காமல் மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் பெருஞ்சீரகத் தட்டில் விட்டுவரும் பத்து ரூபாயைப் போல இதுவும் மனமுவந்து அளிக்கும் சன்மானந்தான் என்று நினைத்தால், விஷயத்தின் வேர் நமக்குப் புலப்படாது. இனாம் என்ற வழக்கம் ஐரோப்பியப் பிரபுக்களிடமிருந்து, அங்கே யாத்திரை போய்வந்த அமெரிக்கச் செல்வர்கள் மூலமாக, உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்தில் அந்நாட்டில் பரவியது. அந்தப் போரின் முடிவில் விடுதலை பெற்ற அடிமைகளைத் தன் படுக்கை ரயில் பெட்டிகளில் ஊழியர்களாக அமர்த்திய ஜார்ஜ் புல்மனின் கம்பெனி, அற்பச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பிரயாணிகளின் தயவுக்கு விட்டுவிட்டது. சமத்துவம் பேசும் குடியரசில் ஒருவன் கைநீட்ட மற்றொருவன் காசு போடுவதா என்று கொதித்தவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909-இல் இனாமையே தடைசெய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனை சட்டங்களும் ரத்தாகிவிட்டன. புல்மன் ஊழியர்கள் 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் சங்கம் கண்டு, பன்னிரண்டு வருஷம் போராடி, 1937-இல் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஓட்டல் ஊழியர்களுக்கோ அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1966-இல் மத்திய சட்டமே திருத்தப்பட்டு, ஊழியர் பெறும் இனாமைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை கிடைத்தது. இன்று அத்தகைய ஊழியருக்கு முதலாளி மணிக்குக் கொடுக்க வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி 2.13 டாலர், 1991 முதல் ஒரு சதமும் ஏறவில்லை. மற்றத் தொழிலாளருக்கு அதே சட்டம் விதிப்பது 7.25 டாலர். இனாமும் சேர்ந்து இத்தொகை வராவிட்டால் முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் கூலியையும் முதலாளியே தரவேண்டுமென்று சட்டம் செய்திருக்கின்றன. ஆயினும் இனாமின் வீதம் அங்கும் இறங்கவில்லை.

இது நியாயமான ஏற்பாடென்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிடுகிறது. மனமிருந்தால் ஓரிரண்டு யூரோ சில்லறை வைத்தால் போதும். அதுவே கௌரவமான வழி. ஆனால் ஏற்பாடு பிடிக்கவில்லையென்று அமெரிக்க மேஜையில் ஒன்றும் வைக்காமல் வருகிற பிரயாணி தண்டிப்பது சட்டம் செய்தவர்களையுமன்று, முதலாளியையுமன்று. வாடகைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அந்த எட்டு டாலரை நம்பி நின்றுகொண்டே வேலை செய்கிறவரைத்தான். ஆகவே அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் செலவைக் கணக்கிடும்போதே கால் பங்குக்குச் சற்று மேலாகச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டி தூக்கியவருக்குப் பெட்டிக்கு ஓரிரு டாலர், அறையைச் சுத்தம் செய்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் என்று ஒற்றை டாலர் நோட்டுகளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பணம் அதற்கு இடங்கொடாவிட்டால், கவுண்டரில் காசு கொடுத்து நீங்களே எடுத்துச் சாப்பிடும் கடைக்குப் போங்கள். அங்கேயும் ஒரு கணினித் திரை உங்கள் பக்கம் திரும்பி, பதினெட்டா, இருபதா, இருபத்தைந்தா என்று கேட்கும். அதற்கு 'வேண்டாம்' என்ற பொத்தானை வெட்கமில்லாமல் அழுத்தலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.