துளையினுள் செல்லும் தூதன்

பதப்படுத்திய கரி ஒரு கிராமினுள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியுள்ளது. அதன் நுண்துளைச் சுவர்களில் வாயு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர். முதல் உலகப் போரில் நச்சுவாயுவினின்று வீரர்களைக் காத்த முகமூடிகளில் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் பயன்பட்டது.

எவ்வளவு வாயு புகுந்தது என்பதை எடையால் அறியலாம். எத்தகைய துளையில் தங்கியது என்பதை எங்ஙனம் அறிவது? அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை இதற்குத் துணைசெய்கின்றது. இதனைக் கண்டறிந்த பிளாக், பர்செல் என்னும் அறிஞர் இருவரும் 1952-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கரு, தனக்குரிய அதிர்வெண்ணுள்ள வானொலி அலையையே ஏற்கும். செனான் வாயுவைத் துளைகளினுள் செலுத்துவர். துளை குறுகக் குறுக அது சுவரில் மிகுதியாக மோதும். அதன் எலெக்ட்ரான் முகில் நெளியும். அதற்கேற்ப அதிர்வெண்ணும் மாறும். அம்மாற்றமே துளையின் அளவை உணர்த்தும். கண் புகாத இடத்திற்கு அணு தூது சென்று மீள்கின்றது!